சிங்கக் காரும் கொள்ளுச் செடியும்

இது நடந்து மூன்று வருஷம் இருக்கும். மாசி மாதம், நல்ல உச்சி வெயில். பெரம்பலூர் ஆஸ்பத்திரியிலிருந்து என் மாமனாரைக் காரில் ஏற்றிக்கொண்டு, திருமழபாடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வருகிற மனுஷர். வண்டியை ஓட்டியது நான். வண்டி, ஒரு பழைய பிரெஞ்சுக் கார்.

அந்தக் காரைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் கணவருக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது. பழைய பிரெஞ்சுக் கார் என்றால் மட்டும் பைத்தியம். கல்யாணமான புதிதில் புதுச்சேரிக்குப் போனவர், நகைக்கடைப் பக்கம் என்னைக் கூட்டிப்போவார் என்று நான் நினைத்திருக்க, ஒரு வீட்டு வாசலில் நின்ற நீல நிறக் காரை ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தார். மூக்கில் சிங்க முத்திரை போட்ட டீசல் கார். வாங்கியும் விட்டார். ஊரில் அதற்கு அன்றைக்கே சிங்கக் கார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அடுத்த வருஷமே அவர் வேலைக்கு துபாய் போய்விட்டார். வீட்டில் மிஞ்சியது நான், மாமனார், சிங்கம். "வாரத்துக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி வெய்யி" என்று ஏர்போர்ட்டில் நின்று சொன்னார். என்னைப் பற்றி அப்படி யாரிடமும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

வாரம் ஒரு தரம் ஸ்டார்ட் பண்ணப் போய்த்தான் டிரைவிங் கற்றுக்கொண்டேன். அந்த வண்டிக்கு எல்லாமே தனி வழி. ஸ்டியரிங் நடுவில் எத்தனை குத்து குத்தினாலும் ஹாரன் அடிக்காது. இண்டிகேட்டர் போடுகிற இடது பக்கக் குச்சியின் முனையை அமுக்க வேண்டும். முன்பக்க மூடியைத் திறக்கிற கைப்பிடி டிரைவர் பக்கம் இருக்காது, பக்கத்து சீட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கும். ஒரு தரம் அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் டயர் பஞ்சராகி நின்றபோது, ஆட்டோக்காரர்கள் எல்லோரும் கூடி டிக்கியைக் குடைந்துவிட்டு, "ஸ்டெப்னி இல்லாமலே வண்டி ஓட்றிங்களாக்கா" என்று சிரித்தார்கள். துபாய்க்குப் போன் போட்ட பிறகுதான் தெரிந்தது. அந்தக் காரில் ஸ்டெப்னி டிக்கிக்குள் இருக்காது. வண்டிக்கு அடியில், பின்னால், ஒரு கம்பித் தொட்டிலில் படுத்திருக்கும். டிக்கி விரிப்பைத் தூக்கினால் தரையில் ஒரு போல்ட்டுத் தலை தெரியும். அதைக் கழற்றிக் கழற்றி இளக்கினால் தொட்டில் கீழே இறங்கும். பிறகு தொட்டிலை லேசாக மேலே தூக்கி, கொக்கியிலிருந்து விடுவிக்க வேண்டும். அன்றைக்கு ஆட்டோக்காரர்கள் முன்னால் அதைச் செய்து காட்டிவிட்டு, பெரிய மெக்கானிக் மாதிரி கையைத் தட்டிக்கொண்டேன்.

சொல்லும்போது குறையாகத்தான் தெரியும். ஆனால் அந்த சீட்டில் ஒரு தரம் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். பள்ளம் மேடு எதுவும் உடம்புக்குத் தெரியாது. கொள்ளிடக் கரை ரோட்டில் விடிகாலையில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினால், கடகடவென்ற அந்த டீசல் சத்தமே துணைக்கு ஒரு ஆள் பேசிக்கொண்டு வருவது மாதிரி இருக்கும். ஒரு கைப்பிடி உடைந்தால் புதுச்சேரியிலிருந்து பஸ் பார்சலில் வருகிற வரைக்கும் மாதக் கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். அந்த மாசியிலும் பின்பக்க வலது கதவின் கைப்பிடி உடைந்து, பார்சலுக்காகக் காத்திருந்தது. இருந்தும் அதை விற்கலாம் என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கே கோபம் வர ஆரம்பித்திருந்தது.

ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் சொல்லவா என்று கேட்டபோது மாமாதான் வேண்டாம் என்றார். "அதுல ஏறுனா எலும்பு மறுபடியும் ஒடஞ்சிரும். நம்ம வண்டியே மெத்த மாதிரி இருக்கு." ஆகவே பின் சீட்டில் கெட்டியான ஜமுக்காளம் விரித்து, அவரைச் சாய்த்துப் படுக்க வைத்தோம். வலது பக்கக் கதவில் முதுகு, இடது பக்கக் கதவை நோக்கிக் கால். இரண்டு தொடைகளுக்கும் நடுவில் தலையணை. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். காலை முறுக்கக் கூடாது, பிடித்து இழுக்கக் கூடாது, மூட்டு நழுவிவிட்டால் மறுபடியும் திறக்க வேண்டியிருக்கும், இந்த வயதில் இன்னொரு ஆபரேஷனை உடம்பு தாங்குவது சந்தேகம் என்று.

மெயின் ரோட்டில் சுண்ணாம்புக் கல் ஏற்றிய டிப்பர் லாரிகள் விரட்டும் என்பதால், உள் ரோட்டைப் பிடித்தேன். மாசி மாதம் உள் ரோடு எப்படி இருக்கும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். கொள்ளுச் செடியை வேரோடு பிடுங்கி வந்து ரோட்டில் பரப்பி வைத்திருப்பார்கள். போகிற வருகிற வண்டிகள் ஏறி ஏறி, காய் வெடித்து மணி உதிரும். பிறகு செடியைக் கிளறி உதறி ஒதுக்கிவிட்டு, கூட்டி அள்ளித் தூற்றிக்கொள்வார்கள். கூடாது என்று போலீஸ் சொல்லத்தான் செய்கிறது. வெளியூர் வண்டிகள் திட்டிக்கொண்டே ஓரமாக ஒதுங்கிப் போகும். ஆனால் விவசாயக் குடும்பத்து வண்டி ஒதுங்காது. ஏறித்தான் போகும். அது ஒரு மரியாதை.

முதல் இடத்தில் செடியைப் பார்த்ததும் நான் வேகத்தைக் குறைத்தேன். பின்னாலிருந்து மாமா, "ஒதுங்கிப் போவாதம்மா, ஏறியே போ. பாவம், வெயில்ல நிக்கிறாங்க" என்றார். ஏறினேன். அடுத்த இடத்திலும் ஏறினேன். கடைசியாக ஒரு வளைவுக்கு முன்னால் நல்ல கனமாகப் போட்டிருந்தார்கள். முழங்கால் உயரம் இருக்கும். ஒரு பெண்ணும் அவள் வீட்டுக்காரரும், செடியைக் கிளற முனை இரண்டாகப் பிரிந்த கவைக் கம்பை வைத்துக்கொண்டு நின்றார்கள். ரோட்டில் வேறு வண்டியே இல்லை. எனக்கு மனசு கேட்காமல், ஒரு தரம் ஏறி இறங்கி, ரிவர்ஸ் எடுத்து, மறுபடியும் மெதுவாக ஏறினேன். அந்தப் பெண் கம்பைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். மாமாவுக்கும் திருப்தி.

வளைவு திரும்பியதும் அடியில் சரசரவென்று ஒரு சத்தம். "செடி சுத்திக்கிட்டிருக்கும். தன்னால உழுந்துரும்" என்றார் மாமா. நானும் அப்படித்தான் நினைத்தேன். கொஞ்ச தூரத்தில் ஒரு வாசனை வந்தது. கொள்ளு வறுக்கிற வாசனை. ஆஸ்பத்திரிச் சோறு சாப்பிட்டுச் சலித்த மனுஷர், மூச்சை நன்றாக இழுத்து, "யாரோ கொள்ளு வறுக்கறாங்க. வூட்டுக்குப் போனதும் ஒரு ரசம் வெச்சுக் குடும்மா" என்றார்.

சரி மாமா என்று சொல்லிக்கொண்டே, எந்த வீடு என்று இரண்டு பக்கமும் பார்த்தேன். வீடே இல்லை. இந்தப் பக்கம் பருத்திக் காடு, அந்தப் பக்கம் மக்காச்சோளம் அறுத்த வெறும் நிலம். கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு கூரைகூட இல்லை. வாசனை மட்டும் கூடவே வந்துகொண்டிருந்தது.

அதே நேரம் பின்னால் ஒரு பைக் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. இந்தக் காரைப் பார்த்தால் பைக்காரர்கள் கிண்டலுக்கு ஹாரன் அடிப்பது வழக்கம்தான். நான் திரும்பவில்லை. அவர் பக்கத்திலேயே வந்து, ஒரு கையால் அடியைக் காட்டி, "அக்கா, நிப்பாட்டுங்க. கீழ எரியிது" என்றார்.

நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினேன். குனிந்து பார்த்தேன். ஸ்டெப்னித் தொட்டில் நிறைய கொள்ளுச் செடி வைக்கோல் போர் மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. சூடான சைலன்சரில் உரசி உரசிப் பற்றியிருக்கிறது. தழல் மஞ்சளாக நக்கிக்கொண்டிருந்தது. டயரின் ஒரு ஓரம் கறுப்பாகப் புகைய ஆரம்பித்திருந்தது. அதற்கு ஒரு முழம் முன்னால் டீசல் டேங்க். அதற்கு நேர் மேலே சீட்டு. சீட்டில் மாமா.

இடது பக்கக் கதவைத் திறந்தேன். உள்ளே அதற்குள் புகை. மாமா இருமினார். அந்தப் பக்கக் கதவைத் திறந்து தலைமாட்டிலிருந்து தூக்கலாமென்றால், வலது பக்கக் கதவின் கைப்பிடிதான் உடைந்து, பார்சலுக்காகக் காத்திருந்ததே. உள்ளேயும் திறக்காது, வெளியேயும் திறக்காது. வழி ஒன்றுதான், காலைப் பிடித்து இழுக்க வேண்டும். டாக்டர் கூடவே கூடாது என்று சொன்னதும் அதுதான். பைக்காரர் தன் தண்ணீர் பாட்டிலை அடியில் விசிறினார். சொய்யென்று ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். "டேங்க் பக்கத்துல இருக்குதுக்கா, இழுத்துருவோம்" என்று அவர் மாமாவின் காலில் கையை வைத்தார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். இப்போது நினைத்தாலும் அந்தக் கணத்தின் பயம் அப்படியே வருகிறது. இழுத்தால் இடுப்பு போகும். இழுக்காவிட்டால் ஆளே போவார். முடிவு சொல்ல வேண்டியது நான்.

ஆள் வேண்டும், முதலில் ஆள் வேண்டும் என்று தோன்றியது. "ஹாரன் அடிங்க தம்பி" என்றேன். அவர் முன்னால் குனிந்து ஸ்டியரிங் நடுவில் குத்து குத்தென்று குத்தினார். சிங்கம் வாயைத் திறக்கவில்லை. "நடுவுல இல்ல, இடது பக்கக் குச்சி முனைய அமுக்குங்க" என்று கத்தினேன். அமுக்கினார். விடாமல் அமுக்கிக்கொண்டே இருந்தார். வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து, கொள்ளு அடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் ஓடி வருவது தெரிந்தது. அவள் கையில் கவைக் கம்பு. அவர் கையில் ஒரு தண்ணிக் குடம்.

அவர்களைப் பார்த்ததும் எனக்கு மூளை வேலை செய்தது. மாமாவை மெல்லத்தான் எடுக்க முடியும். நெருப்பு மெல்ல வராது. ஆகவே இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தாக வேண்டும்.

"ஜமுக்காளத்தோட சேத்து நவுத்துங்க. காலத் தொடாதிங்க" என்று ஆண்கள் இருவரிடமும் சொன்னேன். மாமாவிடம், "தலகாணிய விட்றாதிங்க மாமா" என்றேன். அவர் இரண்டு கையாலும் தலையணையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். குடத்துத் தண்ணீரை அடியில் கொட்டியதில் தழல் ஒரு நிமிஷம் அடங்கி, மறுபடியும் தலையைத் தூக்கியது. நான் டிக்கியைத் திறந்தேன். வாக்கர், வாளி, போர்வை, ஆஸ்பத்திரி ஃபைல் எல்லாவற்றையும் ரோட்டில் வீசினேன். விரிப்பைத் தூக்கினால் தகரம் தோசைக்கல்லாகக் கொதித்தது. பழைய லுங்கியில் சுற்றி வைத்திருந்த ஸ்பேனரை எடுத்து போல்ட்டில் மாட்டி அழுத்தினேன். அசையவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, உடம்பு பாரம் முழுதையும் போட்டு அழுத்தினேன். கிரீச்சென்று இளகியது. அதன் பிறகு எத்தனை சுற்று சுற்றினேன் என்று தெரியாது. உள்ளங்கை தகரத்தில் பட்டது எனக்கு உறைக்கவே இல்லை.

தொட்டில் ஒரு சாண் இறங்கி நின்றுவிட்டது. கொக்கியிலிருந்து விடுவிக்க, அதைக் கீழேயிருந்து மேலே தூக்க வேண்டும். அங்கே கையை விட முடியாது, முழுக்க நெருப்பு.

அந்தப் பெண் எதுவும் கேட்கவில்லை. ரோட்டில் முட்டி போட்டு, கவைக் கம்பை உள்ளே விட்டாள். "எந்தப் பக்கமுங்க?" என்று மட்டும் கேட்டாள். "மேல தூக்கி, உங்க பக்கமா இழுங்க" என்றேன். தூக்கினாள், வழுக்கியது. புகையில் கண்ணை மூடிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் தூக்கினாள். தொட்டில் தடாலென்று ரோட்டில் விழுந்தது. டயரும் செடியும் நெருப்புமாகக் கீழே கிடந்தது. ஆனால் இன்னும் வண்டிக்கு அடியில்தான்.

வண்டியை முன்னால் தள்ளலாமென்றால் மாமா பாதி உள்ளே, பாதி வெளியே. ஆண்கள் இருவரும் ஜமுக்காளத்தின் முனைகளை முறுக்கிப் பிடித்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாக அவரை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். இருமிக்கொண்டிருந்த மாமாவின் சத்தம் திடீரென்று நின்றுவிட்டது. "மாமா" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை.

அந்தப் பெண் கம்பை டயரில் மாட்டி, பின்னால் சாய்ந்து இழுத்தாள். நானும் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இழுத்தேன். கம்பு முனை பற்றிக்கொண்டது. அவள் விடவில்லை. நெருப்புப் பொட்டலம் தார் ரோட்டில் தேய்ந்துகொண்டே எங்களை நோக்கி வந்தது. முழுசாக வெளியே வந்ததும், இருவரும் ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டோம். அதே நேரத்தில்தான் அந்தப் பக்கமிருந்து பைக்காரர் குரல் கேட்டது. "தாத்தா வெளிய வந்துட்டாருக்கா."

ஓடிப்போய் ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டேன். எல்லோருமாக வண்டியை முன்னால் தள்ளி நிறுத்தினோம். மாமாவை ஒரு வேப்ப மரத்தடியில் ஜமுக்காளத்தோடு கிடத்தியிருந்தார்கள். கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார். தலையணை இன்னும் தொடைக்கு நடுவில் அப்படியே இருந்தது. "ஏன் மாமா பேசல?" என்று கேட்டேன். "வாயத் தொறந்தா பொகை போவுதும்மா" என்றார். அப்போதுதான் நான் அழுதேன். அது வரைக்கும் நேரம் கிடைக்கவில்லை.

அவர் கேட்ட முதல் கேள்வி, "பாவம், அவங்க கொள்ளு எவ்வளவு எரிஞ்சிது?" என்பது. அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் தன் கொள்ளு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வளைவு வரைக்கும் ஓடிப்போய்ப் பார்த்தாள். ஆள் இல்லாத நேரத்தில் ஒரு ஆட்டு மந்தையே களத்தில் இறங்கியிருந்தது. அவள் ஆடுகளைத் திட்டிய திட்டு இங்கே வரைக்கும் கேட்டது. மாமா சிரித்தார். சிரிக்கும்போது இடுப்பு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்தார்.

பைக்காரர் ஒரு மினி வேனை நிறுத்தி ஏற்பாடு செய்து, எங்களோடு மறுபடியும் பெரம்பலூர் வரைக்கும் வந்தார். எக்ஸ்ரே எடுத்தார்கள். மூட்டு இருந்த இடத்தில் இருந்தது. டாக்டர் என் உள்ளங்கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே, இப்படி ஒரு ஆளை எப்படி வெளியே எடுத்தீர்கள் என்று இரண்டு தரம் கேட்டார். துபாயிலிருந்து கணவர் முதலில் அப்பாவைப் பற்றிக் கேட்டார், பிறகு என்னைப் பற்றிக் கேட்டார், மூன்றாவதாகத்தான் காரைப் பற்றிக் கேட்டார். அந்த வரிசைக்காகவே அவரை மன்னித்துவிட்டேன்.

சொந்தக்காரர்கள் சிலர், ரோட்டில் செடி போட்டவர்கள் மேல் போலீஸில் புகார் கொடுக்கச் சொன்னார்கள். "யாரு மேல குடுக்குறது? ஏறிப் போன்னு சொன்னவன் நான்தான்" என்று மாமா அவர்கள் வாயை அடைத்துவிட்டார். ஆனாலும் ரோட்டில் செடி போடுவது எவ்வளவு ஆபத்து என்று எனக்கு இப்போது தெரியும். யாரைப் பார்த்தாலும் சொல்கிறேன். செடி கிடந்தால் வண்டியை நிறுத்தி, ஒதுக்கச் சொல்லிவிட்டுத்தான் போகிறேன். மரியாதையை வாயால் சொல்லிக்கொள்ளலாம்.

கட்டுப் பிரித்த பிறகு ஒரு நாள் பழம், பூவோடு அந்தத் தம்பதியைத் தேடிப் போனேன். உங்கள் கொள்ளு முழுவதையும் ஆட்டுக்கு விட்டுவிட்டு ஓடி வந்தீர்களே என்று ஆரம்பித்தேன். அந்தப் பெண்ணின் புறங்கையிலும் நெருப்புப் பட்ட தழும்பு இருந்தது. அவள் என்னை முடிக்க விடவில்லை. "எல்லா வண்டியும் ஒதுங்கி ஒதுங்கிப் போச்சு. நீங்க ஒருத்தவங்கதான் எங்களுக்காவ பின்னால எடுத்து மறுபடியும் ஏறுனிங்க. நாங்க பாத்துக்கிட்டுதான இருந்தோம்" என்றாள்.

சிங்கம் இன்னும் ஓடுகிறது. பின் பம்பர் ஒரு பக்கம் உருகித் தொங்குகிறது. தொட்டிலைக் கழற்றிப் போட்டுவிட்டேன், ஸ்டெப்னி இப்போது டிக்கிக்குள் வந்துவிட்டது. அதன் பக்கத்தில், முனை கருகிய அந்தக் கவைக் கம்பும் கிடக்கிறது. அவளிடம் கேட்டு வாங்கி வந்தேன். வீட்டில் கொள்ளு வறுத்தால், மாமா இன்றைக்கும் கைத்தடியை ஊன்றி எழுந்து நடந்துபோய், வாசலில் நிற்கிற வண்டிக்கு அடியில் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறார். நான் அடுப்படியிலிருந்து, அவர் தன் காலால் நடந்து போவதையும் திரும்பி வருவதையும் பார்த்துக்கொண்டிருப்பேன். உள்ளங்கைத் தழும்பைத் தொட்டுப் பார்ப்பேன், அதே நெருப்பின் தழும்பு இன்னொருத்தி கையிலும் இருக்கிறது என்று நினைக்கும்போது, கூடப் பிறக்காத சகோதரி ஒருத்தியை அந்த ரோட்டில்தான் அடைந்தேன் என்று தோன்றும்.